மெயின் போர்டை எந்தச் சுவரில் பூட்டுவது?

வாசகர் கேள்வி: எங்கள் வீடு வன்னியில் விசுவமடுப் பக்கம், இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியது. ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி, முன்விறாந்தை. இப்போது பின்பக்கம் புதிதாக ஒரு குசினியும் பாத்ரூமோடு ஒரு அறையும் இறக்குகிறோம். பழைய குசினி இனி நெல் மூட்டை வைக்கிற அறை. மீற்றர் முன்விறாந்தைச் சுவரில் இருக்கிறது. டிரிப் சுவிச்சும் நாலு பிரேக்கரும் உள்ள பெட்டி பழைய குசினிக்குள், கதவு நிலைக்கு மேலே. வயரிங் செய்யும் தம்பி அதை அங்கேயே விடலாம் என்கிறார். கனடாவில் இருக்கிற அண்ணா, போர்ட் வெளியே தெரிந்தால் வடிவில்லை, புதுப் பாத்ரூமுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் அலுமாரிக்குள் மறைத்துவிடு என்கிறார். மாமி மனையடி பார்ப்பவரைக் கேட்டுவிட்டு, அக்கினி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று நிற்கிறா. கணவருக்கு 2009இல் வலது கால் போனது. செயற்கைக் கால் போட்டு நடப்பார், இரவில் கழற்றினால் ஊன்றுகோல் அல்லது சக்கர நாற்காலி. சின்னப் பிள்ளைகள் இருவர். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பெட்டியை எங்கே வைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

மேசன் சுவர் வெட்டத் தொடங்கமுன் உங்களுக்கு விடை வேண்டும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியை ஹோலுக்குள் வையுங்கள். முன்விறாந்தையில் மீற்றர் பூட்டியிருக்கும் அதே சுவரின் உட்பக்கம், முன்கதவைத் திறந்தால் கதவுப்பலகை வந்து மறைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். உயரம், உங்கள் கணவரின் கை எட்டும் உயரம்.

கணவரைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் இடத்தைத் தீர்மானிக்கிற வரிகள் அவைதான். மாரிகால இரவொன்றை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் ஆஸ்பத்திரியில் நிற்கிறீர்கள். வீட்டில் அவரும் மற்றப் பிள்ளையும் மட்டும். எங்கேயோ ஒரு பிளக்கிலிருந்து வயர் கருகும் மணம் வருகிறது. செயற்கைக் கால் கட்டிலடியில். ஒரு கை ஊன்றுகோலில், மற்றக் கையால் மெயின் சுவிச்சை இறக்க வேண்டும். இப்போது பெட்டி இருக்கும் உயரத்தில் அதை அவர் எப்படி எட்டுவது? கதிரை வைத்து ஏறச் சொல்ல முடியுமா? நீங்களே வீட்டில் நின்றாலும், இருட்டில் கதிரை தேடி, நெல் மூட்டைகளுக்கு மேலால் எட்டி அதைத் தொட வேண்டிவரும்.

காலோ கையோ இழந்தவர் வாழும் வீடுகள் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இருந்தும் பெட்டியைக் கதவு நிலைக்கு மேலே பூட்டுவதே பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கவென்று காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்தை நான் ஏற்பதில்லை. மூடி ஒழுங்காகப் பூட்டிய பெட்டியில் வெளியே தெரிவது பிளாஸ்டிக் பிடிகள் மட்டும். பிள்ளை அதில் ஒன்றைத் தட்டிவிட்டால் லைட் அணையும், அவ்வளவுதான். ஆபத்து எங்கே என்றால், பிரேக்கர் இல்லாத வெற்று இடைவெளியை மூடித் தகடு போடாமல் விடுவதில். அந்த ஓட்டைக்குள் பிள்ளையின் விரலும் போகும், பல்லியும் போகும். எத்தனை வெற்று இடம் இருக்கிறதோ அத்தனைக்கும் மூடி போடச் சொல்லி, வேலை முடிந்ததும் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இலங்கையில் வயரிங் வேலைக்கு அடிப்படையாக வைத்திருப்பது பிரித்தானிய ஒழுங்குவிதிகளை. புதிதாகக் கட்டும் வீடுகளில் பெட்டியின் சுவிச்சுகள் தரையிலிருந்து 1350 முதல் 1450 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்று அந்த நாட்டின் கட்டட வழிகாட்டி சொல்கிறது. எங்கள் அளவில் 4 அடி 5 அங்குலம் முதல் 4 அடி 9 அங்குலம். முதியவர்களும் நடக்க இயலாதவர்களும் எட்டவேண்டும் என்பதற்காகவே வைத்த அளவு அது. உங்கள் வீட்டில் அளவுநாடாவைவிட அவருடைய கையை நம்புங்கள். அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தி, சுவருக்குப் பக்கவாட்டாகக் கொண்டுபோய், கையை நீட்டச் சொல்லுங்கள். சிரமமில்லாமல் விரல் படும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். பிறகு ஊன்றுகோலுடன் நின்று ஒருமுறை நீட்டட்டும், அங்கேயும் ஒரு கோடு. இரண்டிலும் கீழே உள்ள கோட்டில் மெயின் சுவிச் வரட்டும். 4 அடிக்கு இறங்கினாலும் பரவாயில்லை. 2018இல் வந்த தண்ணீர் முழங்கால் அளவுதான் என்கிறீர்கள், அதற்கு மேலே இன்னும் இரண்டடிக்குமேல் மிச்சம் இருக்கும்.

இனி, மீற்றர் சுவரை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது. இதைத் தம்பிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மீற்றரிலிருந்து உங்கள் டிரிப் சுவிச்சுக்கு வரும் வயருக்கு டிரிப் சுவிச்சின் பாதுகாப்பு இல்லை. டிரிப் சுவிச் தனக்குப் பிறகு உள்ள வயர்களைத்தான் காக்கும். ஒரு வயரால் போகும் கரண்டும் மற்ற வயரால் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்தபடி இருக்கும். 30 மில்லி அம்பியர் அளவு எங்கேயாவது வெளியே கசிந்தால் 0.3 செக்கனுக்குள் வெட்டிவிடும். தனக்கு முன்னால் நடக்கும் கசிவு அதற்குத் தெரியாது. அந்தப் பகுதிக்கு இருப்பது மீற்றரடியில் மின்சார சபை வைத்த பியூஸோ பிரேக்கரோ மட்டும், பொதுவாக 30 அம்பியர்.

எங்கள் வீடுகளில் ஏர்த் சபையின் லைனோடு வருவதில்லை, வளவில் நாங்கள் அடிக்கும் கம்பிதான் ஏர்த். அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் 40 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ட்டை 40ஆல் பிரித்தால் 6 அம்பியர்கூட வராது. மீற்றருக்கும் பெட்டிக்கும் நடுவே எலி கடித்து, உயிர் வயர் கூரையின் இரும்பில் முட்டினால் அந்த 6 அம்பியர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். 30 அம்பியர் பியூஸ் அதை ஒரு பொருட்டாக எடுக்காது. இரும்பு முழுக்கக் கரண்டோடு நிற்கும், யாராவது தொடும்வரை.

இப்போது உங்கள் வீட்டில் அந்த வயர் முன்விறாந்தையிலிருந்து பழைய குசினிவரை கூரைக்குள்ளால் ஓடுகிறது. எலியும் அணிலும் ஓடுகிற, கோடையில் வெந்து கிடக்கிற கூரை. வீட்டிலேயே பாதுகாப்புக் குறைந்த வயர் அதுதான், அது நீளமாகவும் கண்ணுக்குத் தெரியாமலும் கிடக்கிறது. மீற்றருக்கு நேர் உட்பக்கத்தில் பெட்டியை வைத்தால் அந்த வயர் ஒரு சுவரின் தடிப்புக்குச் சுருங்கிவிடும். பிவிசி குழாய்க்குள் போட்டு நேரே ஊடு துளையால் உள்ளே எடுங்கள். எப்படி வைத்தாலும் 3 மீற்றருக்கு மேல் போகவிடாதீர்கள். பெட்டி இரும்பாக இருந்தால் அந்த வயர் நுழையும் துளையில் வயரைச் சுற்றிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளாண்ட் இருக்க வேண்டும். தகட்டு விளிம்பில் உரசி வயர் வெட்டுப்பட்டால், டிரிப் சுவிச்சைத் தாண்டி முழு வீட்டின் ஏர்த்துக்கும் கரண்ட் ஏறும்.

பழைய குசினி வேண்டாம் என்பதற்கு நெல்லும் ஒரு காரணம். காலபோக வெட்டு முடிந்து மூட்டைகள் வந்திறங்கும்போது எந்தச் சுவர் என்று யாரும் பார்ப்பதில்லை, பெட்டிச் சுவருக்கும் அடுக்குவார்கள். பெட்டிக்கு முன்னால் ஒரு மீற்றர் இடம் எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். நெல்லுக்கு எலி வரும், எலி வயரையும் விடாது. சூடேறிய பெட்டிக்குக் கீழே உமியும் தூசும் சாக்கும் கிடப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் இத்தனை வருட விறகுப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பிரேக்கர்களின் மேல் படிந்திருக்கும். ஆகவே புதுக் குசினிக்குள்ளும் வேண்டாம். அங்கே காஸும் வரும் அல்லவா? காஸ் கசிந்த மணம் வந்தால் அந்த அறைக்குள் எந்தச் சுவிச்சையும் தட்டக்கூடாது, வெளியே நின்று கரண்டை வெட்ட முடிய வேண்டும். 2021 கடைசியில் காஸ் வெடிப்புச் செய்திகள் நாட்டை உலுக்கிய பிறகு இதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன்.

அண்ணாவின் ஆசை எனக்கு விளங்குகிறது, காசு அனுப்புகிறவருக்கு வீடு வடிவாக இருக்க வேண்டும். ஆனாலும் பாத்ரூம் அலுமாரிக்குச் சம்மதிக்க மாட்டேன். சீமெந்துக் கல்லில் கட்டி மெல்லிய பூச்சுப் பூசிய சுவர் பாத்ரூமின் ஈரத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுவரும், பைப்பும் அதே சுவருக்குள் போகும். அலுமாரி என்றால் ஒரு வருடத்துக்குள் அதற்குள் துவாயும் சவர்க்காரமும் புத்தகமும் வந்துவிடும். உள்ளே காற்றும் ஓடாது. பிரேக்கர்களின் கணக்கு 30 பாகை வெப்பத்தை வைத்துப் போட்டது. வைகாசி, ஆனியில் எங்கள் பக்கத்து அறைகளே அதைத் தாண்டும்போது, மூடிய அலுமாரிக்குள் பிரேக்கர் தன் அளவுக்கு முன்னமே விழத் தொடங்கும். விழுகிறதே என்று ஒருவர் வந்து பெரிய பிரேக்கர் மாற்றுவார், வயர் அதே பழைய வயர். நெருப்பு அப்படித்தான் தொடங்குகிறது. அண்ணாவிடம் சொல்லுங்கள்: சுவருக்குள் பதிக்கும் வகைப் பெட்டி, வெள்ளை மூடியோடு, சுவர் நிறத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் கலண்டரோ திரையோ தொங்கவிட வேண்டாம்.

மாமி சொல்வதைத் தட்டிவிட வேண்டாம். தென்கிழக்கு அக்கினிக்கு உரியது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அடுப்பை அங்கே வைப்பதால் மாமியின் மனம் ஆறும். உண்மையில் சமைக்கும் நெருப்பு அங்கேதான் இருக்கப்போகிறது. பெட்டியில் நெருப்பு எரியக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். உங்கள் ஹோலின் மீற்றர்ச் சுவரிலேயே தென்கிழக்குப் பக்கமாகச் சரிவரும் இடம் இருந்தால், கதவு மறைக்காது என்றால், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு நட்டமில்லை.

தம்பி இரண்டு நியாயமான கேள்வி கேட்பார். முதலாவது, முன்னால் பெட்டியை வைத்தால் பின்குசினிக்கு வயர் தூரமாகிவிடாதா? கணக்குப் பார்ப்போம். 7/0.67 வயரில், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றரில், ஒரு அம்பியர் ஒரு மீற்றர் ஓடினால் 18 மில்லி வோல்ட் குறையும். 15 மீற்றர் தூரத்தில் கேத்தில் 10 அம்பியர் இழுத்தால் குறைவது 2.7 வோல்ட். 230இல் 5 வீதம், 11.5 வோல்ட்வரை குறையலாம் என்பது விதி. ஆக, தூரம் ஒரு சாட்டில்லை. கிணற்று மோட்டருக்கு மட்டும் கவனம் தேவை. ஓடத் தொடங்கும் கணத்தில் அது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். கிணறு வளவின் பின்னால் என்றால் 4 சதுர மில்லிமீற்றர் வயரில், தனிப் பிரேக்கரோடு கொண்டுபோங்கள்.

இரண்டாவது கேள்வி பெரியது. இப்போதுள்ள லைட், பிளக் வயரெல்லாம் பழைய குசினிப் பெட்டியில் வந்துதான் சேர்கின்றன, அவற்றை எப்படி முன்னால் கொண்டுவருவது? நீங்கள் எப்படியும் பாதி வீட்டுக்குப் புது வயரிங் செய்கிறீர்கள். காசு இடம்கொடுத்தால் எல்லாவற்றையும் ஹோலுக்குப் புதிதாக இழுங்கள், அதுதான் சரியான வேலை. இடம்கொடுக்காவிட்டால் இப்படிச் செய்யலாம். மெயின் சுவிச், டிரிப் சுவிச், பழைய பெட்டிக்கு 32 அம்பியர் பிரேக்கர் ஒன்று, புதுப் பகுதிக்கான பிரேக்கர்கள் ஆகியவற்றை ஹோலில் புதுப் பெட்டியில் வையுங்கள். கூரை வயரைச் சோதித்து, பழசாகியிருந்தால் 6 சதுர மில்லிமீற்றர் வயராக மாற்றி, அந்த 32 அம்பியர் பிரேக்கரிலிருந்து பழைய பெட்டிக்குக் கொடுங்கள். பழைய பெட்டி துணைப் பெட்டியாக நிற்கட்டும், ஆனால் கதவு நிலைக்கு மேலிருந்து கீழே இறக்கி, மூட்டை வராத பக்கமாக. அப்போது கூரைக்குள் ஓடும் வயரும் டிரிப் சுவிச்சின் காவலுக்குள் வந்துவிடும். முழு வீட்டையும் உங்கள் கணவர் ஹோலில் இருந்தபடி வெட்டலாம். எது செய்தாலும் பழைய வயர்களைக் கூரைக்குள் முறுக்கி ரேப் சுற்றி நீட்ட விடவேண்டாம்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இப்போது தேவைப்படுவதைவிட நாலைந்து இடம் கூடியதாக வாங்குங்கள். நாளைக்கு சோலார் வரலாம், ஜெனரேற்றர் மாற்றுச் சுவிச் வரலாம். இடி தாங்கும் சேர்ஜ் அரெஸ்டருக்கு இப்போதே ஒரு இடம் ஒதுக்குங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் எங்கள் வெளிகளில் விழும் மின்னல் எத்தனை ரிவியைத் தின்றிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அரெஸ்டரின் இணைப்பு வயர்கள் எல்லாம் சேர்த்து அரை மீற்றருக்குள் முடிய வேண்டும், அதைத் தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இருந்தாலும் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுவதை விடவேண்டாம்.

ஏர்த் கம்பியையும் இந்தப் பக்கத்துக்கே கொண்டுவாருங்கள். முன்பக்கம் பூச்சாடிக்கோ வாழைக்கோ தண்ணீர் விடுகிற இடமிருந்தால் அதன் அருகில் அடியுங்கள். எங்கள் மண் ஆவணி, புரட்டாதியில் காய்ந்து வெடிக்கும்போது ஏர்த்தின் தடை ஏறும். மாரியில் அளந்து பார்த்து நல்லது என்று சொல்வதில் பயனில்லை, கோடையில் அளக்க வேண்டும். 200 ஓமுக்கு மேல் போனால் அந்த ஏர்த்தை நம்ப முடியாது, இன்னொரு கம்பி அடித்து இணைக்க வேண்டும். டிரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், அழுத்தியதும் விழவேண்டும். கணவரே அழுத்தட்டும், கை பழகும். அந்தப் பொத்தான் சுவிச்சைத்தான் சோதிக்கும், வெளியே கம்பி மண்ணோடு சேர்ந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சோளகக் காற்றோடு வரும் செம்மண் தூசுக்கும் மண்குளவிக்கும் எறும்புக்கும் பெட்டியின் ஒவ்வொரு துளையும் வீடுதான். வயர் நுழையும் துளைகளை இடைவெளியில்லாமல் அடைக்கச் சொல்லுங்கள். வெளியே மீற்றருக்கும் வாடைச் சாரல் படாதபடி தாழ்வாரம் போதுமா என்று இந்த மாரியிலேயே பாருங்கள். போதாவிட்டால் மீற்றரை நகர்த்தும் வேலை சபையினுடையது, அதன் சீலில் தம்பி கை வைக்கக்கூடாது.

வெள்ளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெட்டியைவிடப் பிளக்குகளைத்தான் நான் யோசிக்கிறேன். புது அறைகளில் எல்லாப் பிளக்கையும் 2018 தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு அடி மேலே வையுங்கள், அப்போது வயர்களும் மேலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே, கால் நனையமுன், மெயினை இறக்கிவிடுங்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு அதற்குள் நடந்துபோய்ச் சுவிச்சைத் தொட வேண்டாம். 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து லைனிலேயே வெட்டச் சொல்லுங்கள். வடிந்த பிறகும் நனைந்த பிளக்கெல்லாம் காய்ந்து, ஒருவர் சோதித்துப் பார்க்கும்வரை மெயினை ஏற்றக்கூடாது.

தம்பிக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், அவர் கோபிக்க மாட்டார். இல்லையென்றால், இருக்கிற ஒருவரைக் கூட்டிவந்து இருவருமாகச் செய்யட்டும். வேலை நாளன்று ஒன்றை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மெயின் சுவிச்சை இறக்கினாலும் மீற்றரிலிருந்து மெயின் சுவிச்சுவரை உள்ள வயரில் கரண்ட் நிற்கும். அந்த வயரைக் கழற்றமுன் மீற்றரடியில் சபையின் பக்கம் வெட்டப்பட்டிருக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே சபை அலுவலகத்தில் சொல்லி நாள் எடுங்கள். வெட்டிய பிறகும் தம்பி ரெஸ்ரரை வைத்துப் பார்த்துவிட்டே கை வைக்கட்டும். அவசரப்பட்டு, "ஐந்து நிமிட வேலை அக்கா, உயிர் வயரிலேயே செய்யலாம்" என்று சொன்னால், அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.